ஒரு ரிங், இரண்டு ரிங்

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

எழுதுவது உங்கள் நாத்தனார். அடையாளம் தெரியுமோ தெரியாதோ என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரருடைய ஒரே தங்கை. நீங்களும் நானும் ஒரே அலுவலகத்தில் சேர்ந்து, வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றி, ஊசி போட்டு, பி.பி. பார்த்துப் பல வருஷம் நர்ஸ் வேலை செய்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன்தான் இருந்தது. இப்போதாவது ஞாபகம் வருகிறதா?

போன வாரம் ஒரு நாள் மாலை, விளக்கு வைக்கிற நேரம், நம் பழைய நம்பருக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்தேன். கல்யாணமாகி இந்த ஊர் வந்ததும் என் நம்பர் மாறிவிட்டது, உண்மைதான். ஆனால் நமக்கு நம்பரா முக்கியம்? போன் உங்கள் கையில் இருக்கும்போது நான் எந்த நோயாளி வீட்டுப் போனிலிருந்தெல்லாம் ரிங் விட்டிருக்கிறேன்! ஒரு ரிங் என்றால் 'போய்ச் சேர்ந்துவிட்டேன்'. இரண்டு ரிங் என்றால் 'கிளம்பிவிட்டேன், உலை வையுங்கள்'. எடுக்கக் கூடாது, பேசக் கூடாது, நோயாளிகள் கூப்பிடுகிற லைனை நாம் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. இதெல்லாம் நீங்கள் போட்ட சட்டம். எந்தப் புது நம்பரிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றாலும் 'நம்ம வாலுதான்' என்று சொல்லிவிட்டு நீங்கள் வேலையைப் பார்ப்பீர்கள் என்று அம்மா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அப்படி ஒரு ரிங் விட்டுவிட்டு இங்கே காத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் போன் வந்தது. பாய்ந்து எடுத்தேன். யாரோ ஒரு பெண், குரலில் தேன் ஒழுகுகிறது. "வணக்கம்மா, எங்க நர்ஸுக்கு நேத்து கூப்பிட்டிருந்தீங்க. நோயாளி நீங்களா, வீட்ல வேற யாருமா? வயசு என்ன?" என்று கேட்டாள். நான் நோயாளி இல்லை, அவருடைய நாத்தனார் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டு ஆளுங்களுக்கு அவங்க வேற நம்பர் வச்சிருக்காங்களே, உங்ககிட்ட இல்லையா?" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "நோய் என்னன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா, பதிஞ்சுக்கிறேன்" என்று அவள் விடாமல் கேட்டதும், "கோபம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆக, நீங்கள் இரண்டு போன் வைத்திருக்கிறீர்கள். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டுப் போன் நம்பர் அலுவலகத்துப் பெண்ணுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. என்னைத் தூக்கி வேலைப் போனில் போட்டுவிட்டீர்கள். பஸ் ஸ்டாண்டில் நான் கிளம்பிய அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். போன் வந்தது என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டீர்கள். ஜன்னல் வழியாக நான் கடைசியாகப் பார்த்தது உங்கள் முதுகைத்தான்.

இனிமேல் போனில் கூப்பிட மாட்டேன். தபாலுக்கு வேலை நேரம், வீட்டு நேரம் என்று இல்லை. எந்தப் பெட்டியில் போட்டாலும் வீட்டுக்குத்தான் வருகிறது.

இப்படிக்கு,
நாத்தனார்


பிப்ரவரி 11

என் அருமை வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. 'அன்புள்ள' என்று போட மறந்துவிட்டாய். பரவாயில்லை, நானே போட்டுப் படித்துக்கொண்டேன்.

முதலில் ஒரு செய்தி. நீ இப்போது எங்கள் அலுவலகத்தில் முறையாகப் பதிவாகிவிட்டாய். கடிதத்தைப் படித்ததும் நேராக அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். பெயர் தெரியவில்லை. வயது சொல்லவில்லை. நோய்: கோபம். பக்கத்திலேயே, 'முதல் வருகை எப்போது?' என்று என்னைக் கேட்டு ஒரு குறிப்பும் போட்டிருந்தாள். பாவம், வேலைக்குப் புதிது. சிரிப்பு வந்தது. பிறகு அங்கேயே நின்று கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு அலுவலகத்தில் புது மேலாளர் வந்தார். வந்ததும் எல்லா நர்ஸுக்கும் ஆளுக்கொரு போன் கொடுத்து, நோயாளிகள் இதில் மட்டும்தான் பேச வேண்டும், சொந்த போனில் யாரும் நோயாளி படத்தைக்கூட வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நம் பழைய நம்பர் ஊரிலுள்ள நோயாளிகள் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் அந்த நம்பரையே வேலைப் போனில் போடச் சொன்னார்கள். வீட்டுக்கு நான் புதிதாக ஒன்று வாங்கினேன். ஆறு மணிக்கு வேலைப் போனைக் கொண்டுபோய் அலுவலக மேஜை இழுப்பறையில் சார்ஜில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மணி அடித்தால் அங்கே இரவுப் பணியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தெரியாத நம்பராக இருந்தால் காலையில் அந்தப் பெண் கூப்பிட்டு விசாரிப்பாள். உன் ஒரு ரிங் அந்த இழுப்பறைக்குள் அடித்திருக்கிறது. என் காதில் விழவே இல்லை.

இரண்டு போனையும் வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டை நீ பார்க்க வேண்டுமே. ஆரம்பத்தில் இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு. உன் அண்ணன் வெங்காயம் வாங்கி வரட்டுமா என்று கூப்பிட்டால், 'வெறும் வயித்துல எடுத்தீங்களா, சாப்பிட்டா?' என்று கேட்டுவிடுவேன். அவரும் சளைக்காமல், 'சாப்பிட்ட பிறகுதான் சிஸ்டர், ஆனா எரிச்சல் குறையலை' என்பார். பிறகு வீட்டுப் போனுக்குச் சிவப்பு உறை வாங்கி மாட்டினேன். அது பாதி நாள் சார்ஜ் இல்லாமல் பைக்குள் கிடக்கும். வேலைப் போனைத்தான் கை விட்டு இறக்க மாட்டேன். பழக்கம்.

நம்பரை உனக்கு ஏன் தரவில்லை என்கிறாய். நீ உன் புது நம்பரை எனக்குத் தந்தாயா? உன் அண்ணனிடம் இருக்கிறது என்று தெரியும். கேட்டிருக்கலாம்தான். ரோஷம் விடவில்லை. அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ரெண்டு பேருக்கும் நடுவுல கம்பி இழுக்க என்னால முடியாது. பேசணும்னா நீங்களே பேசிக்குங்க.' அன்றிலிருந்து உன்னிடம் பேசும்போது மனுஷன் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்.

சிவப்புப் போன் நம்பரைக் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறேன். இந்த நம்பர் வைத்திருப்பவர்கள் உன் அண்ணன், என் தம்பி, எதிர்வீட்டுக்காரி, கேஸ்காரர், அவசரத்துக்கு அலுவலகம், பிறகு நம் மூன்றாம் மாடி அம்மா. அவ்வளவுதான்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

கேஸ்காரருக்கு அடுத்தபடியாக எனக்கும் நம்பர் கிடைத்ததில் சந்தோஷம்.

சரி, கேஸ்காரரை விடுங்கள், சிலிண்டர் வர வேண்டும். மூன்றாம் மாடி அம்மா? அவர் நோயாளிதானே? காலில் ஆறாத புண், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். லிஃப்ட் இல்லாத கட்டடம். பையைத் தூக்கிக்கொண்டு படியேறியவள் பெரும்பாலும் நான். 'சிரிக்கிற சிஸ்டர்' என்று என்னைத்தான் கூப்பிடுவார். உங்களுக்கு அவர் வைத்த பெயர் 'கண்டிப்பு சிஸ்டர்'. நோயாளிக்குச் சொந்த நம்பரைக் கொடுக்கக் கூடாது என்று மேலாளர் சட்டம் போட்டிருக்கும்போது, நீங்களே அவரைக் கொண்டுபோய் வீட்டுப் போனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். நான் வேலைப் போனில் வாசலுக்கு வெளியே நிற்கிறேன். அவருக்கு யாரும் இல்லை என்று சொல்வீர்கள், தெரியும். எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? இவர் காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறார்.

எழுதினால் கோபம் குறையும் என்று பார்த்தேன். பழசெல்லாம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது.

நம் போன் ஞாபகம் இருக்கிறதா? மூலையில் கண்ணாடி விரிசல் விட்டது, பிளாஸ்டர் போட்டு ஒட்டினோமே, மருந்துப் பையிலிருந்து எடுத்து. மழை வந்தால் ஊசி வருகிற பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டிவிடுவோம். உறைக்குள்ளேயே வைத்துப் பேசினால் நம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும் என்பார்கள். மத்தியானம் மருந்துக் கடை முனையில் நீங்கள் ஒரு பக்கமிருந்து வருவீர்கள், நான் ஒரு பக்கமிருந்து வருவேன். போனைக் கை மாற்றுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சொல்லி முடிக்க வேண்டும். 'தச்சருக்குச் சர்க்கரை ஏறியிருக்கு, மருமக இனிப்பு கொடுத்திருக்கா, கேட்டா இல்லைம்பார், நம்பாத. நீ சாப்பிட்டியா? பின்னல் அவுந்திருக்கு, திரும்பு.' நடுத்தெருவில் நிறுத்தி எனக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறீர்கள். மருந்துக் கடைக்காரர் பார்க்காத மாதிரி பஞ்சுப் பொட்டலங்களை அடுக்குவார்.

அம்மா இருந்தவரை, வீட்டில் நாம் இருவரும் குளிக்கவோ சாப்பிடவோ போயிருந்தால் போனை அவள் எடுப்பாள். தானும் ஒரு நர்ஸ் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, 'சொல்லுங்க, முதல்ல சாப்டீங்களா?' என்பாள். பாதிப் பேர் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். 'போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் வலிக்குதான்னு பாப்போம்' என்று வைத்துவிடுவாள். அந்த நோயாளிகளில் பாதிப் பேர் மறுபடி கூப்பிட்டதில்லை. நாம் போனால், 'வயசான சிஸ்டர் வரலையா?' என்று கேட்பார்கள். அம்மாவுக்கு அதில் எவ்வளவு பெருமை!

அந்த ஒரு போனில் வேலை எது, வீடு எது என்று யார் பிரித்தார்கள்? எல்லாம் ஒன்றாகத்தான் கிடந்தது. ஒன்றாகக் கிடந்தபோது நானும் அதற்குள் இருந்தேன். பிரித்ததும் நான்தான் வெளியே விழுந்தேன். எனக்கு அழுகை வருகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 1

அன்பு வாலு,

நீ நிறுத்திய இடத்திலிருந்து நான் ஆரம்பிக்கிறேன். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை மாதமும் இருந்தேன். சொன்னால் சமாதானம் சொல்கிற மாதிரி இருக்கும். எனக்கும் உன் மேல் கோபம் இருந்தது, சமாதானம் சொல்கிற நிலையில் நான் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் எனக்கு வந்த போன் யாருடையது என்று நீ கேட்கவே இல்லை. மூன்றாம் மாடி அம்மாதான். காலில் ஏதாவது ரத்தம் கசிகிறதோ என்று பயந்து எடுத்தேன். பஸ் கண்டக்டர்கள் ஊர் ஊராகக் கூவுகிறார்கள், ஒன்றும் காதில் விழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்டேன். அந்த அம்மா, "சிரிக்கிற சிஸ்டர் இன்னிக்கு ஊருக்குப் போறாளாமே. எங்கிட்டச் சொல்லிக்காம போறா. கொஞ்சம் அவகிட்டக் குடேன்" என்றார். போனை உன் கையில் கொடுக்கத்தான் திரும்பினேன். பஸ் நகர்ந்துவிட்டது.

ஓடினேன். போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வளைவு வரைக்கும் ஓடினேன். செருப்பு வாரே அறுந்துபோயிற்று. நீ ஜன்னலில் இருந்து முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாய். அந்த அம்மா லைனிலேயே இருந்தார். 'என்னாச்சு, என்னாச்சு' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றேன்.

அன்று மாலை முழுக்க போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ போய்ச் சேர்கிற நேரம் எனக்குத் தெரியும். ஒரு ரிங் வரும் என்று காத்திருந்தேன். எத்தனை கோபம் இருந்தாலும் அந்த ஒரு ரிங்கை நாம் யாரும் நிறுத்தியதில்லை. நாம் பேசாமல் இருந்த நாட்களில்கூடச் சேர்ந்ததற்கு ஒரு ரிங் வரும். அன்று வரவில்லை. நோயாளிகள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் முதல் ரிங்கில் எடுக்காமல், ஒன்றோடு நிற்குமா என்று பார்த்தேன். நிற்கவில்லை. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் அண்ணன் மறுநாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இனிமேல் வழியனுப்பப் போகும்போது வேலைப் போன் கையில் இருக்கக் கூடாது. மேலாளர் அதற்குப் பிறகுதான் வந்தார். அவர் சொன்னதும் மற்ற நர்ஸுகள் முணுமுணுத்தார்கள், நான் ஒருத்திதான் உடனே சரி என்றேன். உன்னை வெளியே தள்ள நான் போனைப் பிரிக்கவில்லை. உனக்காகத்தான் பிரித்தேன். பிரித்த பிறகு நம்பரை உன்னிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதுதான் நடந்தது.

மூன்றாம் மாடி அம்மாவை ஏன் வீட்டுப் போனில் வைத்தேன் என்றால், புண் வலித்தால் அவர் வேலைப் போனில்தான் கூப்பிடுகிறார், ஒழுங்காகப் பகலிலேயே கூப்பிடுகிறார். சாயங்காலம் சிவப்புப் போனில் கூப்பிட்டு, 'சிஸ்டர், மணி என்ன?' என்று கேட்கிறார். எதிரே சுவரில் இவ்வளவு பெரிய கடிகாரம் மாட்டியிருக்கிறது. நான் மணியைச் சொல்வேன். 'அவ போன் பண்ணினாளா?' என்று கேட்பார். இல்லை என்பேன். வைத்துவிடுவார். இதை எந்த நோயில் பதிவு செய்யச் சொல்கிறாய்?

அண்ணி


மார்ச் 23

வாலு,

பதில் இல்லை. தபால்காரரிடம் கேட்டால் அவர் ஏதோ நான் சம்பளம் கேட்ட மாதிரி பார்க்கிறார். உன் அண்ணன் நேற்று மாடியிலிருந்து இறங்கி வந்தவர், 'நல்லாத்தான் இருக்கா, அதுக்கு மேல கேக்காத' என்றார். அதற்கு மேல் என்ன இருக்கிறது?

சிவப்புப் போனை இப்போதெல்லாம் தினமும் சார்ஜ் போடுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணி,

போட்டுவிட்டேன், பார்த்தீர்களா? அழுத்தியே எழுதியிருக்கிறேன்.

பதில் எழுதாததற்கு முதல் காரணம், உங்கள் கடிதம்தான். அந்த வளைவும் அறுந்த செருப்பும் கண்ணைவிட்டுப் போகவில்லை. நான் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டது நிஜம்தான். அழுவதை நீங்கள் பார்க்கக் கூடாது என்று இழுத்துக்கொண்டேன். நீங்கள் ஓடி வந்தது எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமாகத் தெரியாது.

இரண்டாவது காரணம், நான் இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன், அவரும் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. அதே வேலைதான். பை, கட்டு, படிக்கட்டு. இங்கே அலுவலகத்தில் போனெல்லாம் தருவதில்லை. என் சொந்த நம்பரைத்தான் எல்லாரிடமும் கொடுத்தேன். பாட்டம் பாட்டமாக மழை பெய்கிற மாதிரி அழைப்பு வந்தது. சமைக்கும்போது ஒருவர், குளிக்கப் போனால் ஒருவர். ஒருவர் தினமும் மாத்திரையின் நிறத்தைச் சொல்லி அது எதற்கு என்று கேட்பார். எனக்கு எரிச்சல் வரவில்லை, அதுதான் வேடிக்கை. நம் வீட்டுச் சமையலறை மாதிரியே இருந்தது, நீங்களும் அம்மாவும் மட்டும் இல்லை.

இவர்தான் பாவம். ஒன்றும் சொல்லவும் மாட்டார். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன் என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். நான் யாரென்று பார்க்காமலே எடுத்து, "சொல்லுங்க, இப்ப வலி எப்படி இருக்கு?" என்றேன். இவர், "கல்யாணத்துக்கு முன்னாடி இல்லை. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்றார். நடு ரோட்டில் நின்று அப்படிச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் கூப்பிட்டதற்கு நர்ஸ் குரல்தான் போயிருக்கிறது. உங்கள் முதுகைப் பார்த்து நான் அழுத அதே அழுகையை இந்த மனுஷன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கிறாரோ என்று தோன்றியது.

மறுநாளே இன்னொரு போன் வாங்கினேன். எனக்கும் சிவப்பு உறைதான். கட்டிலில் உட்கார்ந்து ஆட்களைப் பிரித்தேன். நோயாளிகள் இதில், இவரும் அண்ணனும் அதில். சுலபமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உங்கள் பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது. வேலையில் போட்டால் சாயங்காலத்துக்கு மேல் நீங்கள் இல்லை. வீட்டில் போட்டால் பகலில் நீங்கள் இல்லை. ஒரு புண் பச்சையாக மாறுகிறது என்றால் யாரைக் கேட்பேன்? உங்களைத்தான். இவரோடு சண்டை போட்டுக்கொண்டால் யாரைக் கேட்பேன்? அதற்கும் உங்களைத்தான். பாதி நாள் யோசித்துவிட்டு இரண்டிலும் போட்டேன். உங்களைத் திட்டி முதல் கடிதம் எழுதினேனே, அதை எழுதும்போது இது எனக்குத் தெரியாமல் போயிற்று. உங்களுக்கும் இதே மாதிரி கை நின்றிருக்கும். நீங்கள் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாம் மாடி அம்மா நம்பர் எனக்கு இன்னும் மனப்பாடம். நேற்று சாயங்காலம் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்குமுன்னே, "சிரிக்கிற சிஸ்டரா? மணி என்ன?" என்றார். சொன்னேன். "அங்கேயும் அதே மணிதானா?" என்று கேட்டார். அதே மணிதான் என்றேன். "அப்போ தூரம் இல்லை, வந்துட்டுப் போ" என்றார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். இவருக்கு லீவு இல்லை, நான் மட்டும்தான் வருகிறேன். வேலைப் போனை உடன் வேலை செய்கிறவளிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். ஊருக்கு முன்னால் வருகிற பாலத்தைப் பஸ் தாண்டியதும் சிவப்புப் போனுக்கு இரண்டு ரிங் விடுவேன். எடுக்காதீர்கள். பேசினால் அழுதுவிடுவேன், பக்கத்து சீட்டில் யாராவது இருப்பார்கள். உலை மட்டும் வையுங்கள்.

உங்கள் அன்புள்ள,
வாலு


ஏப்ரல் 8

என் கண்ணே வாலு,

இது உன் கையில் கிடைக்க ஒரு நாள் பிந்தினாலும் நீ பஸ் ஏறிவிடுவாய். அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன். எங்கள் அலுவலகப் பெண்தான் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தாள். 'அந்தக் கோபம் நோயாளிக்கா?' என்று கேட்டாள். ஆமாம், முதல் வருகை சனிக்கிழமை, வருவது நோயாளிதான், நாம் போக வேண்டியதில்லை என்றேன். கம்ப்யூட்டரில் எப்படிப் பதிவது என்று தெரியாமல் விழிக்கிறாள்.

சனிக்கிழமை எனக்கு முறை இல்லை. வேலைப் போன் வெள்ளிக்கிழமை மாலையே இழுப்பறைக்குள் போய்விடும். மூன்றாம் மாடி அம்மாவுக்கு வெள்ளிக்கிழமையே கட்டு மாற்றிவிடுகிறேன். அன்று எதற்காகவும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று சொன்னேன். "நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்? அவளே வந்து மணி சொல்லப் போறா" என்கிறார்.

உன் இரண்டு ரிங்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீ பாலம் தாண்டும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். அதனால் சிவப்புப் போனை உன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவருக்கு நம் சட்டத்தை இரண்டு நாளாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ரிங் வந்தால் எடுக்கக் கூடாது. ஒன்றில் நின்றால் சும்மா இரு. இரண்டில் நின்றால் அரிசியைப் போடு. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'வேற யாராவது ரெண்டு ரிங் விட்டுட்டா?' என்று கேட்டார். அவர்களுக்கும் சேர்த்துச் சோறு இருக்கும், போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நான் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். அன்றைக்கு நின்ற அதே சுவர் பக்கம், ஆனால் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. புதுச் செருப்பு போட்டிருப்பேன். இரண்டு கையும் காலியாக இருக்கும். ஜன்னல் பக்கமே உட்கார்ந்து வா.

அண்ணி